மின்னும் மண்ணும்

நுழையும்முன்

வீட்டு முகப்பில், சுவரோரமாக, எவர் கவனத்தையும் ஈர்க்காத சிறு பெட்டி ஒன்று இருக்கிறது. தெருக்கம்பத்திலிருந்து வரும் மின்சாரம் அதன் வழியாகவே வீட்டினுள் நுழைகிறது. மின் அளவியும் உருகியும் முதன்மைச் சுவிட்சும் அங்கேயே அமைந்துள்ளன. அதன் அருகே மண்ணுக்குள் இறங்கும் ஒரு கம்பியும் உண்டு. இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கம்பி ஏன் வேண்டும், அதை வலியுறுத்தும் விதிகள் எவ்வாறு பிறந்தன, அவற்றை நிறைவேற்றுபவர் யார் என்பவற்றைச் செங்கல்பட்டின் பாறை நிலத்தையும் மாமல்லபுரத்தின் மணற்கரையையும் களமாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

உளியும் ஈரமும்

மாமல்லபுரத்தின் தெருக்களில் நடப்பவர் செவிகளில் முதலில் விழுவது கல்லின் ஓசை. பல்லவர் காலத்தில் பாறைகளைத் தேர்களாகவும் மண்டபங்களாகவும் மாற்றிய கலை, இன்றும் சிற்பக்கூடங்களில் தொடர்கிறது. 1957ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு சிற்பப் பயிற்சி நிலையம் பின்னாளில் கல்லூரியாக வளர்ந்தது. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

ஆனால் அந்த ஓசையின் தன்மை மாறிவிட்டது. உளியும் சுத்தியலும் எழுப்பிய தாளத்தோடு, கல்லை அறுக்கும் மின்கருவியின் இரைச்சலும் சேர்ந்துவிட்டது. கருங்கல்லை அறுக்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு செய்வது. அத்தூசை அடக்கவும் வெட்டுத்தகட்டின் சூட்டைத் தணிக்கவும் தண்ணீர் ஊற்றப்படுகிறது. ஈரத்தரை, ஈரக்கை, கையில் மின்கருவி, காலடியில் நெடுந்தூரம் இழுத்துவரப்பட்ட கம்பி ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடுகின்றன. பல இடங்களில் சிற்பக்கூடமும் வீடும் ஒரே கூரையின் கீழ் அமைவதால், அந்தக் கருவிக்கு மின்சாரம் தருவதும் வீட்டு வாசலில் உள்ள அதே பெட்டிதான்.

கல்லைச் செதுக்குபவரின் உயிர், கருவியின் தரத்தை மட்டும் சார்ந்ததன்று. அவர் ஒருபோதும் திறந்து பார்த்திராத பெட்டியையும், அவர் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணில் புதைந்துள்ள ஓர் இரும்புக் குழாயையும் அது சார்ந்திருக்கிறது. குளியலறையில் வெந்நீர்க் கருவியை இயக்கும் தாயும், ஈரத்துணியோடு சலவை இயந்திரத்தைத் திறக்கும் மாணவரும் இதே நிலையில்தான் இருக்கின்றனர்.

கம்பத்திலிருந்து வீடு வரை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அதே கடற்கரையில் கல்பாக்கம் அமைந்துள்ளது. அங்குள்ள அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984ஆம் ஆண்டு வணிகமுறை மின்னுற்பத்தியைத் தொடங்கியது. அங்கிருந்து மின்சாரம் 2,30,000 வோல்ட் அழுத்தத்தில் புறப்படுகிறது. துணை மின்நிலையங்களிலும் மின்மாற்றிகளிலும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, வீட்டு வாசலை அடையும்போது அது 230 வோல்ட்டாகிறது. ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்பதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று கருதுவது பிழை. உயிரைப் பறிக்க 230 வோல்ட் போதுமானது.

தெருவில் செல்லும் தாழ்வழுத்த மின்பாதையில் மூன்று மின்னோட்டக் கம்பிகளும் ஒரு நடுநிலைக் கம்பியும் உள்ளன. இவை வழக்கில் பேஸ், நியூட்ரல் எனப்படும். ஒரு மின்னோட்டக் கம்பிக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே 230 வோல்ட்டும், இரு மின்னோட்டக் கம்பிகளுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட்டும் அழுத்தம் இருக்கும். ஒருமுனை இணைப்புப் பெற்ற வீட்டுக்கு ஒரு மின்னோட்டக் கம்பியும் நடுநிலைக் கம்பியும் கம்பத்திலிருந்து கொண்டுவரப்படுகின்றன. அவை மின் அளவியையும் மின்வழங்கும் நிறுவனத்தின் உருகியையும் கடந்து, வீட்டு முதன்மைச் சுவிட்சை அடைகின்றன.

இப்பாதையில் ஓர் எல்லைக்கோடு உண்டு. மின்வழங்கும் நிறுவனத்தின் உருகியின் வெளிமுனை வரை உள்ளவை அந்நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு அப்பால் உள்ள கம்பியமைப்பு முழுவதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. மின் அளவியின் முத்திரையை உடைப்பதும் அதைத் தம் விருப்பப்படி இடம் மாற்றுவதும் குற்றங்களாகும். அதேபோல், வீட்டின் உள்ளே உள்ள கம்பிகள் பழுதுற்றிருப்பின் அதற்கு நிறுவனத்தைக் குறைகூற இயலாது. இந்த எல்லைக்கோட்டைப் பலரும் அறியாதிருப்பதே, பழுதுகள் நெடுநாள் கவனிப்பாரின்றிக் கிடக்க ஒரு காரணமாகும்.

உடலும் மின்னோட்டமும்

மனித உயிருக்குக் கேடு செய்வது மின்னழுத்தம் நேரடியாக அன்று. அது உடலின் வழியே செலுத்தும் மின்னோட்டமே. ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர் எனப்படும். ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியர் உடலில் பாய்ந்தால் மெல்லிய கூச்சம் உணரப்படும். பத்து மில்லி ஆம்பியரை எட்டும்போது தசைகள் இறுகி, பற்றிய கம்பியை விட இயலாமல் போகலாம். "மின்சாரம் பிடித்து இழுத்தது" என்று பொதுமக்கள் சொல்வது இந்நிலையையே. மின்சாரம் இழுப்பதில்லை, கையே விரிய மறுக்கிறது. ஐம்பது மில்லி ஆம்பியரைக் கடந்து சில நொடிகள் நீடித்தால், இதயத்தின் சீரான துடிப்பு குலைந்து உயிர் பிரியக்கூடும்.

உலர்ந்த தோல் ஓரளவு மின்தடை கொண்டது. வியர்வையும் உப்புநீரும் பட்ட தோலின் தடை வெகுவாகக் குறைகிறது. ஈர உடலின் தடையை ஆயிரம் ஓம் எனக் கொள்வோமாயின், ஓம் விதிப்படி 230ஐ ஆயிரத்தால் வகுக்க, 230 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. இஃது இதயத்தை நிறுத்தப் போதுமானது. வீட்டு உருகியோ 16 ஆம்பியர், அதாவது 16,000 மில்லி ஆம்பியர் வரை அசையாமல் இருப்பது. ஓர் உயிரைப் பறிக்கும் மின்னோட்டம், அந்த உருகியின் பார்வையில் ஒரு சிறு விளக்கின் மின்னோட்டத்துக்கு நிகரானதே. உருகி காப்பது கம்பியை, மனிதரை அன்று. வீட்டு மின்பாதுகாப்பைப் புரிந்துகொள்ள இந்த ஓர் உண்மையே திறவுகோல்.

மண் தரும் காப்பு

அவ்வாறாயின் மனிதரைக் காப்பது எது? அதற்கான முதல் விடை மண்.

சலவை இயந்திரத்தின் உள்ளே ஒரு கம்பியின் உறை தேய்ந்து, மின்னோட்டக் கம்பி அதன் உலோக உடலைத் தொட்டுவிட்டதாகக் கொள்ளலாம். புவித்தொடுப்பு இல்லாவிடில், அந்த உலோக உடல் 230 வோல்ட் அழுத்தத்தில் ஓசையின்றிக் காத்திருக்கும். இயந்திரம் வழக்கம்போல் இயங்கும். அதை முதலில் தொடுபவரின் உடலே மின்சாரம் மண்ணை அடையும் வழியாகிவிடும்.

எர்த் என்று வழக்கில் சொல்லப்படும் புவித்தொடுப்பு, மின்சாரத்துக்கு வேறொரு வழியை அமைத்துத் தருகிறது. உலோக உடலிலிருந்து பச்சைநிறக் கம்பி ஒன்று மூன்றுமுனைச் செருகியின் பெரிய முனை வழியாகச் சென்று மண்ணை அடைகிறது. அந்த முனை மற்ற இரண்டினும் நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. செருகும்போது அது முதலில் இணையும். பிடுங்கும்போது இறுதியில் பிரியும். காப்பு முதலில் வந்து கடைசியில் விலகவேண்டும் என்பதே அவ்வடிவத்தின் பொருள்.

இந்த வழியின் மொத்தத் தடை இரண்டு ஓம் எனின், பழுது நேர்ந்தவுடன் 115 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் உருகி உடனே அறுந்து மின்சாரம் நின்றுவிடும். ஆனால் அத்தடை ஐம்பது ஓம் எனின் பாய்வது 4.6 ஆம்பியர் மட்டுமே. உருகி அறுவதில்லை, இயந்திரத்தின் உடலில் அழுத்தமும் தணிவதில்லை. அதோடு, ஒரு கிலோவாட்டுக்கும் மேற்பட்ட ஆற்றல் இடையறாது மண்ணுக்குள் சென்று, நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 25 அலகுகளை அளவியில் கூட்டிவிடும். காரணமின்றி மின்கட்டணம் உயர்ந்தால் மின்கசிவையும் ஐயுறவேண்டும் என்பது இதனால் பெறப்படும். கம்பி புதைக்கப்பட்டிருப்பது மட்டும் போதாது. அதன் தடை குறைவாக இருக்கவேண்டும்.

பாறையும் மணலும்

இங்கேதான் நிலத்தின் இயல்பு குறுக்கிடுகிறது. செங்கல்பட்டு, வல்லம், திருக்கழுக்குன்றம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்திருப்பவை கருங்கல் குன்றுகள். சில இடங்களில் சில அடி ஆழத்திலேயே பாறை எதிர்ப்படும். பாறை மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. பல்லவச் சிற்பிகளுக்கு வாய்த்த அதே உறுதியான கல், மின்பணியாளருக்கு இடராகிறது.

கடற்கரையை நோக்கிச் சென்றால் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை மணல் பரந்துள்ளது. உலர்ந்த மணலும் நல்ல கடத்தியன்று. மழைக்காலத்தில் ஈரம் ஊறியிருக்கும்போது தடை குறைந்து காணப்படும் அதே புவித்தொடுப்பு, கோடையில் மேல்மணல் உலர்ந்ததும் தடை மிகுந்துவிடுகிறது. மார்கழியில் அளந்து சரியென்று கண்டது, சித்திரையில் சரியாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. உப்புநீர் ஊறிய ஆழத்தில் கடத்துதிறன் மிகுதி. ஆனால் அந்த உப்பே நாகம் பூசிய இரும்புக் குழாயை அரித்துவிடுகிறது. மேலே சுவரில் பச்சைக்கம்பி புத்தம்புதிதாகத் தோன்ற, கீழே அது பற்றியிருந்த குழாய் துருவாக உதிர்ந்திருக்கக்கூடும்.

இவற்றை எல்லாம் எண்ணியே, புவித்தொடுப்புக்கெனத் தனி நெறிமுறையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ளது. ஐ.எஸ். 3043 என்பது அதன் எண். குழாய்வகைப் புவித்தொடுப்பில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமுள்ள நாகம் பூசிய குழாய் செங்குத்தாகப் புதைக்கப்படுகிறது. அதைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காக இடப்படுவது நெடுநாளைய வழக்கம். கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும். உப்பு அந்த ஈரத்தைக் கடத்தியாக்கும். கோடையில் குழாயின் வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றவேண்டும். அதற்காகவே குழாயின் தலைப்பகுதி மூடியுள்ள சிறு தொட்டிக்குள் அமைக்கப்படுகிறது. அதைச் சிமெண்டுக் காரையால் மூடிவிடுவது, கிணற்றைத் தோண்டிவிட்டு வாயை அடைத்துவிடுவதற்கு ஒப்பானது.

தண்ணீர்க் குழாயில் பச்சைக்கம்பியைச் சுற்றிவிட்டுப் புவித்தொடுப்பு முடிந்தது என எண்ணுவாரும் உளர். இன்றைய வீடுகளில் குழாய்கள் நெகிழியால் ஆனவை. இடையில் ஒரு முழம் நெகிழிக்குழாய் இருந்தாலும் மண்ணோடுள்ள தொடர்பு அற்றுவிடும். பழுது நேரும்போது வீட்டிலுள்ள உலோகக் குழாய்முனைகள் அனைத்தும் மின்சாரம் ஏறிநிற்கும்.

தெரியுமா?

பழந்தமிழில் 'மின்' என்னும் சொல் வானில் தோன்றும் மின்னலைக் குறித்தது. ஒளிவிடுதல் என்பது அதன் வினைப்பொருள். மின்னலும் கம்பியில் ஓடும் ஆற்றலும் ஒன்றே என அறிவியல் கண்டபின், அப்பழஞ்சொல்லே புதிய ஆற்றலுக்கும் பெயராயிற்று. மின்சாரம், மின்கலம், மின்மாற்றி, மின்கசிவு என அது பல சொற்களை ஈன்றுள்ளது.

வேறுபாட்டை உணரும் கருவி

பாறையிலும் மணலிலும் மண்ணின் காப்பு குறைபடும்போது துணைநிற்க இரண்டாம் காவல் தேவைப்படுகிறது. அதுவே மின்கசிவுத் தடுப்பான். கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கிடைக்கும்.

அதன் இயக்கம் எளிய கணக்கை அடிப்படையாகக் கொண்டது. மின்னோட்டக் கம்பி வழியாக வீட்டுக்குள் சென்ற மின்சாரம் முழுவதும் நடுநிலைக் கம்பி வழியாகத் திரும்பவேண்டும். இரு கம்பிகளும் ஒரு காந்த வளையத்தின் ஊடே செல்கின்றன. சென்றதும் வந்ததும் சமமாயின், அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று நீக்கிவிடும். சென்றதில் சிறிது குறைந்து திரும்பினால், அக்குறைவு எங்கோ மண்ணுக்குள், ஒருவேளை ஒரு மனித உடலின் வழியே, கசிகிறது என்பது பொருள். வளையத்தில் உண்டாகும் சிறு தூண்டல் உடனே சுவிட்சை விடுவித்துவிடும். மனிதரைக் காப்பதற்கென அமைக்கப்படுவது 30 மில்லி ஆம்பியர் அளவினது. அந்த அளவுக் கசிவில் 0.3 நொடிக்குள்ளும், அதனினும் ஐந்து மடங்குக் கசிவில் 0.04 நொடிக்குள்ளும் அது மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும் என்பது தரவிதி. முன்னர்க் கண்ட ஐம்பது ஓம் புவித்தொடுப்பில் பாயும் 4.6 ஆம்பியர், உருகியை அசைக்காது; ஆனால் இத்தடுப்பானை நொடிப்பொழுதில் இயக்கிவிடும்.

இத்துறையில் பெரும்பணி செய்தவர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல். பற்றிய கம்பியை விட இயலாதபடி செய்யும் மின்னோட்டம் எவ்வளவு என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1961இல் அவர் தம் நாட்டு முறைக்கேற்ற தடுப்பானை உருவாக்கினார். அங்கு நீச்சல்குளங்களிலும் பின்னர் வீட்டு வெளிப்புறங்களிலும் குளியலறைகளிலும் அது படிப்படியாகக் கட்டாயமாயிற்று.

இக்கருவிக்கும் எல்லை உண்டு. ஒருவர் ஒரு கையால் மின்னோட்டக் கம்பியையும் மறுகையால் நடுநிலைக் கம்பியையும் பற்றினால், மண்ணுக்குள் கசிவு இல்லாமையால் தடுப்பான் அதனை உணராது. அதன் உள்ளுறுப்புகள் உப்புக்காற்றில் இறுகிப்போகவும் கூடும். ஆகவே அதன் முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானைத் திங்கள்தோறும் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். அழுத்தியும் மின்சாரம் நிற்காவிடில், காவலர் உறங்குகிறார் என்பது பொருள்.

விதிகள் பிறந்த கதை

மின்சாரம் வீட்டுக்குள் நுழைந்த சில ஆண்டுகளிலேயே அதைக் கட்டுப்படுத்தும் விதிகளும் தோன்றின. இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டு, மின்விளக்குகளால் நேரும் தீயைத் தடுக்கும் நோக்கில் முதல் விதித்தொகுப்பு வெளியாயிற்று. அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு 1897இல் உருவானது. இரண்டும் முதலில் அஞ்சியது தீயை. மனித உடலில் பாயும் மின்னோட்டத்தைப் பற்றிய அறிவு வளர்ந்தபின்னரே விதிகளும் விரிந்தன.

இந்தியாவில் 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டமும், அதன்கீழ் 1956இல் இயற்றப்பட்ட இந்திய மின்சார விதிகளும் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தன. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அவற்றின் இடத்தைப் பெற்றது. அச்சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி, பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வகுக்கும் பொறுப்பு மத்திய மின்சார ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2010இல் வெளியான பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2023இல் புதுப்பிக்கப்பட்டன.

இவ்விதிகள் வெறும் எண்களின் அடுக்கன்று. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு. தாழ்வழுத்தக் கம்பி தெருவைக் குறுக்கிடும் இடத்தில் தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். பாரம் ஏற்றிய வண்டி தடையின்றிச் செல்லவேண்டும் என்பது காரணம். கட்டடத்தின் மேல்தளத்துக்கும் அதன்மேல் செல்லும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் இடையே 2.5 மீட்டரும், பக்கச்சுவருக்கும் கம்பிக்கும் இடையே 1.2 மீட்டரும் இடைவெளி வேண்டும். கை நீட்டினும் எட்டாதிருத்தல் காரணம். நடுநிலைக் கம்பியில் உருகியோ தனிச் சுவிட்சோ வைக்கலாகாது. அது மட்டும் துண்டிக்கப்பட்டால், விளக்கு அணைந்திருந்தும் மின்னோட்டக் கம்பி உயிரோடு இருக்கும் என்பது காரணம்.

விதியை நிறைவேற்றுவோர்

விதியை எழுதுதல் ஒரு பணி. அதை வாசல்தோறும் நிறைவேற்றுதல் வேறொரு பணி. தமிழ்நாட்டில் இப்பணி பல கைகளில் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. 1957 ஜூலை முதல் நாள் தோன்றிய தமிழ்நாடு மின்சார வாரியத்தின் வழியில், இன்று தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகம் வீடுகளுக்கு மின்சாரம் வழங்குகிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வழங்கல் விதித்தொகுப்புகளை வெளியிடுகிறது. மின்கசிவுத் தடுப்பானை வீட்டு இணைப்புகளிலும் அமைக்கவேண்டும் என்று வலியுறுத்தியதும் அவ்வாணையமே. கம்பியமைப்புப் பணியைச் செய்வோருக்கு உரிமமும் தகுதிச் சான்றும் வழங்குவது தமிழ்நாடு மின் உரிம வாரியம். இவற்றின்மேல், தலைமை மின் ஆய்வாளரின் கீழ் இயங்கும் மின் ஆய்வுத்துறை உள்ளது. மின்சாரத்தால் மனிதரோ விலங்கோ உயிரிழந்தாலும் காயமுற்றாலும் மின் ஆய்வாளருக்கு அறிவிக்கவேண்டும் எனச் சட்டத்தின் 161ஆம் பிரிவு கூறுகிறது.

புதிய வீட்டுக்கு இணைப்புக் கோரும்போது, கம்பியமைப்பு உரிமம் பெற்றவரால் செய்யப்பட்டது என்பதற்கான பணிநிறைவுச் சான்று கேட்கப்படுகிறது. கம்பிகளின் காப்புத்தடை ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் இருத்தல், புவித்தொடுப்பின் தடை ஆகியவற்றைக் கருவிகொண்டு அளந்து அதில் பதியவேண்டும். மின்வழங்கும் நிறுவனம் சோதித்தபின்னரே இணைப்புத் தரவேண்டும்.

உலகின் பல நாடுகளிலும் மின்விதி நடைமுறை சோர்வுறும் இடம் இதுவே. அளவுகள் அளக்கப்படாமலே எழுதப்படலாம். உரிமம் பெற்றவரின் கையொப்பம் இருந்தும், வேலையைச் செய்தவர் உரிமம் இல்லாத வேறொருவராக இருக்கலாம். இணைப்புக் கிடைத்த நாளில் இரண்டு அறைகளாக இருந்த வீடு, பத்தாண்டுகளில் மாடியும் சிற்பக்கூடமும் குளிர்சாதனமும் கொண்டதாக வளர்ந்திருக்கலாம். பெட்டியிலுள்ள கம்பியோ அன்றிருந்ததாகவே இருக்கலாம். ஆய்வாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் நாள்தோறும் வருதல் இயலாது. எனவே அச்சான்றில் இடப்படும் கையொப்பம் ஒரு சடங்கன்று. அந்த வீட்டில் வாழப்போகும் குழந்தைகளுக்கு அளிக்கப்படும் உறுதிமொழி. அளந்து எழுதிய எண்ணுக்கும் அளக்காமல் எழுதிய எண்ணுக்கும் தாளில் வேறுபாடு தெரியாது. ஈரக்கை தொடும் நாளில்தான் அவ்வேறுபாடு தெரியும். இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி உயிரிழக்கின்றனர் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளால் தெரியவருகிறது.

புயலும் வெள்ளமும்

செங்கல்பட்டுக் கடற்கரையில் விதிகளைச் சோதிக்கும் மற்றோர் ஆய்வாளர் உண்டு, அது புயல். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. 2022 டிசம்பர் 9ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இன்றைய மாவட்டத்தின் வடபகுதியான முடிச்சூர்ப் பகுதியில் வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்தது. தாழ்வாகப் பொருத்தப்பட்ட மின் அளவியையும் சுவிட்சையும் வெள்ளம் எட்டினால், வீட்டைச் சூழ்ந்த நீரே ஆபத்தாகிவிடும். வெள்ளம் எட்டாத உயரத்தில், மழைச்சாரல் படாத இடத்தில் அப்பெட்டியை அமைக்கவேண்டியதன் தேவை இதனால் விளங்கும்.

புயலுக்குப்பின் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து அறுந்துகிடக்கும் கம்பி. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. அது நடுநிலைக் கம்பியின் தொடர்பு அறுதல். உப்புக்காற்றால் அரிக்கப்பட்ட இணைப்பு, காற்றின் அசைவில் விட்டுப்போகலாம். அப்போது வெவ்வேறு மின்னோட்டக் கம்பிகளில் இணைந்த இரு வீடுகள், 400 வோல்ட்டுக்கு இடையே தொடராக மாட்டிக்கொள்ளும். ஒரு வீட்டிலுள்ள கருவிகளின் தடை 100 ஓம், மற்றதில் 25 ஓம் எனின், முதல் வீட்டில் 320 வோல்ட்டும் இரண்டாம் வீட்டில் 80 வோல்ட்டும் அமையும். ஒரு வீட்டு விளக்குகள் அளவுமீறி ஒளிர, அடுத்த வீட்டில் மங்கும். குறைந்த கருவிகளை இயக்கிய வீடே மிகுந்த அழுத்தத்துக்கு இரையாகும். விளக்குகள் இவ்வாறு கூடியும் குறைந்தும் எரிவதைக் கண்டால், முதன்மைச் சுவிட்சை உடனே அணைத்து மின்வாரியத்துக்குத் தெரிவிப்பதே அறிவுடைமை.

மின்கம்பத்தைத் தாங்கும் இழுவைக் கம்பியும் கவனிக்கத்தக்கது. அது புவித்தொடுப்புப் பெற்றிருக்கவேண்டும். இல்லையேல் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்துக்குக் குறையாத இடத்தில் அதில் மின்காப்புக் குமிழ் அமைந்திருக்கவேண்டும் என்பது விதி. அக்கம்பியில் துணிக்கொடி கட்டுவதும் ஆடுமாடுகளைக் கட்டுவதும் அக்குமிழை நம்பி உயிரை ஈடுவைப்பதாகும்.

வீட்டார் கடமை

அறுந்த உருகிக்குப் பதிலாகக் கனத்த செப்புக்கம்பியைச் சுற்றிவைப்பது, காவலரை அகற்றிவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதற்குச் சமம். உருகி அறுந்தால் காரணத்தை அறிந்து, உரிய அளவுக் கம்பியையே இடவேண்டும். புவித்தொடுப்பின் தடையை உரிமம் பெற்றவரைக்கொண்டு கோடைக்காலத்தில் அளக்கச் செய்யவேண்டும். இயந்திரத்தைத் தொடும்போது சிறு கூச்சம் தோன்றினும் அதைப் பொருட்படுத்தாமல் விடலாகாது. அது பெரிய ஆபத்து அனுப்பும் முன்னறிவிப்பு. அறுந்த கம்பி, சாய்ந்த கம்பம் ஆகியவற்றைக் கண்டால் அருகே செல்லாமலும் பிறரைச் செல்லவிடாமலும் காத்து, 94987 94987 என்னும் மின்னகம் எண்ணில் தெரிவிக்கலாம்.

ஒருவர் மின்சாரத்தால் தாக்கப்பட்டால், அவரைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். அஃது இயலாவிடில் உலர்ந்த மரக்கழியால் வீட்டுக்கம்பியை விலக்கலாம், தெருக்கம்பியாயின் நெருங்கலாகாது. மூச்சும் உணர்வும் இல்லாதவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்தி, 108 ஊர்திக்கு அழைப்பு விடுக்கவேண்டும்.

நிறைவாக

ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உப்புக்காற்றையும் அலைகளையும் எதிர்த்து நிற்கிறது மாமல்லபுரக் கடற்கரைக் கோயில். அதன் உறுதி மேலே தெரியும் விமானத்தில் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்திலும் உள்ளது. வீட்டு மின்சாரத்துக்கும் இது பொருந்தும். ஒளிரும் விளக்கை அனைவரும் காண்கின்றனர். மண்ணுள் இறங்கிய குழாயையும், நேர்மையாக அளந்து இட்ட கையொப்பத்தையும் எவரும் காண்பதில்லை. அக்காணாத இரண்டும் உறுதியாக இருக்கும் வீட்டில், ஈரக்கையோடு கல்லறுக்கும் சிற்பி மாலையில் நலமுடன் கைகழுவி உணவு உண்ண அமர்கிறார்.

கற்பவை கற்றபின்

1. வீட்டின் மின் அளவிப் பெட்டியை வெளியிலிருந்து பார்வையிட்டு, அதன் உயரம், மழைக்காப்பு, புவித்தொடுப்புக் கம்பி ஆகியவற்றைப் பற்றிக் குறிப்பு எழுதுக. பெட்டியைத் திறத்தல் கூடாது.
2. புவித்தொடுப்பின் தடை 10 ஓம் எனின், 230 வோல்ட் அழுத்தத்தில் பாயும் கசிவு மின்னோட்டம் எவ்வளவு? 16 ஆம்பியர் உருகியும் 30 மில்லி ஆம்பியர் தடுப்பானும் அதற்கு எவ்வாறு வினைபுரியும் எனக் கலந்துரையாடுக.
3. 'அளந்து எழுதிய எண்' என்னும் தலைப்பில் விதிமுறைகளை நிறைவேற்றுவதன் இன்றியமையாமை பற்றி வகுப்பறையில் உரையாற்றுக.